ஏழாவது கூண்டை எங்கே விற்பது

...ஆனால் துபாய்க்காரனுக்கே கொடுத்துவிடலாம் என்றும் ஒரு பக்கம் தோன்றத்தான் செய்தது, மகராசன், கேட்டதற்கு மேலேயே தருகிறேன் என்கிறான், பேரம் இல்லை, இழுத்தடிப்பு இல்லை, ஒரே ஒரு போட்டோதான் கேட்கிறான், பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு அட்டையின் நாலு மூலையும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, அதை அனுப்பிவிட்டால் கந்தர்வக்கோட்டையில் இருக்கிற அவன் மச்சான் முனியசாமி பணத்தோடு புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவானாம், அலைச்சல் மிச்சம்... புவனேஸ்வரி மடியில் இருந்த கட்டைப்பையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டாள். பைக்குள் ஒரு பழைய துண்டு, துண்டுக்குள் இரண்டு காலண்டர் அட்டை, அட்டைகளுக்கு நடுவில் அந்தப் புத்தகம். ஆலங்குடியில் ஏறியதிலிருந்து அவள் பையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த பெண், முட்டையாக்கா, என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள், வேறு என்ன சொல்வது, காலையிலேயே விளக்கம் சொல்லத் தெம்பு இல்லை.

திருவரங்குளம் தாண்டியது. பொம்மைப் புத்தகம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் சிரித்திருப்பாள், சிரிக்கட்டுமே, இவளே எத்தனையோ தடவை தனியாகச் சிரித்திருக்கிறாள்... கூண்டுக்குள் ஒரு மனிதன், கூண்டுக்கு வெளியே ஒரு சிங்கம், சாவி சிங்கத்தின் காலடியில், இதுதான் அட்டைப்படம், ‘ஏழாவது கூண்டு’, பழைய சித்திரக்கதை, தீபாவளி மலர். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மத்தியானம் பொழுது போகாமல் எடுத்துப் புரட்டினாள், நாலு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. அச்சடித்த வருசம் கிடங்கில் மழைத் தண்ணீர் புகுந்து முக்கால்வாசிப் பிரதி ஊறிப்போனதாம், கடைக்கு வந்ததே கொஞ்சம்தானாம், அதனால்தான் இந்த மவுசாம். எல்லாம் அவள் வீட்டுக்காரர் ரகுநாத் சொல்லித் தெரிந்ததுதான். அவருக்குப் பேச்சு இருந்த காலத்தில் இதைச் சொல்லாத நாள் கிடையாது, தாலுகா ஆபீசுக்கு எதிர்த்தாற்போல் ஜெராக்ஸ் கடை, பட்டா நகலுக்கு வந்தவரைக்கூட உட்கார வைத்துச் சொல்வார், அவ்வளவு பேச்சுப் பேசின மனுசன் தைப்பூசத்துக்கு மறுநாள் பல் விளக்கப் போன இடத்தில் சரிந்து விழுந்தார், வலது கையும் போச்சு, வாயும் போச்சு. கை பரவாயில்லை, டம்ளர் பிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டது. வாய்தான்... இப்போது அவரிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு வார்த்தை, ‘அது’. தண்ணீர் வேண்டுமா, அது. ஃபேன் போட வேண்டுமா, அது. அவளைக் கூப்பிடுவதற்கும் அதே அதுதான். திருச்சியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா, விடாமல் கூட்டிக்கொண்டு வந்தால் வார்த்தை ஒவ்வொன்றாகத் திரும்பும், தள்ளிப்போட்டால் அப்புறம் என்னைக் கேட்கக்கூடாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். பஸ் படி அவரால் ஏற முடியாது, போகும்போதெல்லாம் கார் வைக்க வேண்டும், கடையைப் பூட்டி மாசக்கணக்காகிறது, மகள் அனுப்புவது மருந்துக்கும் சோற்றுக்கும் சரியாகப் போகிறது, விற்பதற்கு வீட்டில் வேறு என்ன இருக்கிறது?

கோயம்புத்தூரிலிருந்து ஹரிணிதான் போனில் கேட்டாள், அப்பா, அந்தப் புக்க குடுத்துரலாமாப்பா, என்று. அவர் ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து போய், இடது கையால் பீரோவைத் திறந்து, அது, என்று காட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். பார்த்தவர்களுக்குப் பாவமாக இருந்திருக்கும். அவளுக்குப் பாவமாக இல்லை, வயிறு எரிந்தது... இப்ப மட்டும் எப்படி மனசு வந்துச்சு? ஹரிணி ஏழாவது படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை நொறுங்கி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பிளேட் வைக்க வேண்டும், உடனே பணம் கட்டுங்கள் என்றார்கள். இதே புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனார், அங்கே ஒருத்தர் வாங்குவார், சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று. சாயங்காலம் வந்தார், போன பையோடு வந்தார், பைக்குள் புத்தகம் அப்படியே இருந்தது. கடை வாசல் வரைக்கும் போயிட்டேன் புவனா, குடுக்க மனசு வரல, என்றார். பிள்ளை வலியில் முனகிக்கொண்டு கிடக்கிறது, இவருக்கு மனசு வரவில்லையாம். அவள் பாத்ரூமுக்குள் போய்த் தாலிக்கொடியைக் கழற்றி, தாலியை மஞ்சள் கயிற்றில் கோர்த்துக் கட்டிக்கொண்டு, கொடியை அவர் கையில் வைத்தாள். அது அடகில் மூழ்கியே போனது. அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. அவர் அந்தப் புத்தகத்தை எடுத்துத் துடைக்கும்போதெல்லாம் அடுப்படியில் ஒரு பாத்திரம் டமாரென்று விழும், அவ்வளவுதான் சண்டை. வாயைத் திறக்காமல் பன்னிரண்டு வருசம் ஒரு ஆள் மேல் கோபமாக இருப்பது லேசுப்பட்ட வேலையா? பிள்ளையின் கைக்கு விற்காத புத்தகத்தை இப்போது இவருடைய வாய்க்கு விற்கப் போகிறாள். வரட்டும், பேச்சு வரட்டும், வந்த அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்... அதற்காகவாவது பேச்சு வரட்டும் என்று டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தபோதே நினைத்தாள், நினைத்ததற்காக வெட்கப்படவும் செய்தாள்.

எங்கே விற்பது என்று யோசித்தே ஒரு மாசம் ஓடிவிட்டது. முதலில் அந்த வாட்ஸ்அப் குரூப், சித்திரக்கதைச் சொந்தங்கள் என்று பெயர், அவர் வருசக்கணக்காக விழுந்து கிடந்த இடம். ஹரிணி அப்பாவுக்கு உடம்பு முடியாததைச் சொல்லி, டியூப் லைட் வெளிச்சத்தில் உறையோடு ஒரு போட்டோ எடுத்து, விலையும் போட்டாள். வந்து குவிந்தது பார், கும்பிடுகிற கை, விளக்கு, பூ, சீக்கிரம் குணமடைய வேண்டுகிறோம் சொந்தமே... அது அடங்கியதும் திட்டு. அந்தக் குரூப்பில் விலை போடக்கூடாதாம், புத்தகத்துக்குப் புத்தகம் மாற்றிக்கொள்ளலாம், விற்றால் பாவம், விற்கிறவன் வியாபாரி. அட்மின் நிலவழகன், கரூரோ எதுவோ, ரகுநாத் சார் பேச முடிந்திருந்தால் இதை அனுமதித்திருக்க மாட்டார் என்று பக்கம் பக்கமாக எழுதினார். பேச முடிந்திருந்தால் எதற்கு ஐயா விற்கப் போகிறோம்? அதைவிடக் கூத்து, குரூப்பில் பாவம் என்று எழுதின மூன்று பேர் தனித்தனியாக ஹரிணிக்கு மெசேஜ் போட்டு, யாருக்கும் தெரிய வேண்டாம், எனக்குக் குடுங்க என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். அந்தப் பக்கமே வேண்டாம் என்று விட்டாகிவிட்டது. அப்புறம் திருச்சி மெயின்கார்டு கேட் பக்கத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிற அரவிந்த்குமார், எங்கெங்கோ விசாரித்து ஹரிணி பிடித்த நம்பர். போட்டோவப் பாத்து வெல சொல்லமாட்டேம்மா, நேர்ல கொண்டாந்து காட்டுங்க, என்று ஒரே பேச்சு. விலையே சொல்லாத ஆளை நம்பி எப்படிப் போவது, ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று இன்றைக்கு அம்மா வருவாள் என்று ஹரிணி சொல்லி வைத்திருந்தாள்... மூன்றாவதுதான் இந்த துபாய்க்காரன் சந்தோஷ்குமார், நம்ம பக்கத்துப் பையன், அங்கே வேலை பார்த்துக்கொண்டு இந்த மாதிரிப் புத்தகமாக வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைக்கிறானாம், கிளீன் காப்பியா இருந்தா போதும் ஆன்ட்டி, என்கிறான். கிளீனாகத்தான் இருக்கிறது, பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படித் துடைத்து வைத்ததில்லை.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ வாங்கிக்கொண்டு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். திருச்சி பஸ் ஒன்று நிரம்பி நின்றது, திருச்சி திருச்சி திருச்சி என்று கண்டக்டர் கத்தினார், போகட்டும், அடுத்தது வரும். இங்கேயே முடித்துக்கொண்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம், பக்கத்து வீட்டு செவந்தியைத்தான் அவரோடு உட்கார்த்தி வைத்துவிட்டு வந்திருக்கிறாள், அவளும் எவ்வளவு நேரம்தான் உட்காருவாள்... போட்டோ எடுக்கலாம் என்று போனைத் தேடும்போது போனே அடித்தது. திருச்சிக் கடைக்காரர். அம்மா, வணக்கம், அரவிந்த்குமார் பேசுறேன், இன்னைக்கு வாரேன்னு பாப்பா சொல்லுச்சு, கெளம்பிட்டீங்களா? புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல இருக்கேங்க, என்றாள். புதுக்கோட்டையா, பாப்பா கோயம்புத்தூருன்னுல்ல சொல்லுச்சு? அது வேலை பாக்குறது அங்கங்க, எங்களுக்கு ஆலங்குடி.

“ஆலங்குடின்னா... ஜெராக்ஸ் கடை ரகுநாத் சார் வீடாம்மா?”

“ஆமாங்க. அவரு வீட்டுலதான்.”

“அட! அப்ப அந்தப் பொட்டு வச்ச காப்பியா இது?”

பொட்டா, என்ன பொட்டு? அவள் கேட்பதற்குள் அவரே சொல்லிக்கொண்டு போனார்... சார் கொண்டாந்து காட்டுனாரேம்மா, பாப்பாவுக்கு ஏதோ ஆபரேஷன்னு, பத்து வருசத்துக்கு மேல இருக்கும். புக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு அருமையா இருந்துச்சு, அட்டையிலதான் சந்தனம் ஊறி, குங்குமம் அடுத்த பக்கம் வரைக்கும் எறங்கிப்போச்சு. அப்பல்லாம் அந்த மாதிரி காப்பிக்கு ஆளே கெடையாதும்மா, வேணாம் சார்னுட்டேன். சார் விடல, பாதிக்கு எடுத்துக்கங்க, கால்வாசிக்கு எடுத்துக்கங்க, நீங்க குடுக்குறதக் குடுங்கன்னு மத்தியானம் வரைக்கும் நின்னாரு, எனக்கும் அப்பக் கையில காசு ஓட்டமில்ல. யாரு சார் இப்படிப் பண்ணி வச்சதுன்னு கேட்டேன், நாந்தான், சின்னப் புள்ளையில தெரியாம வச்சுட்டேன்னாரு. இன்னைக்கு வரைக்கும் அந்தக் காப்பி ஞாபகத்துல நிக்கிதும்மா... அவர் நல்லா இருக்காராம்மா?

இருக்காருங்க, என்றாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. பெஞ்சில் பையை வைத்து, துண்டைப் பிரித்து, காலண்டர் அட்டையை நகர்த்தி, பிளாஸ்டிக் உறையிலிருந்து புத்தகத்தை வெளியே எடுத்தாள், கல்யாணத்துக்கு அப்புறம் கையால் தொட்டது இது மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ. மேலே இடது மூலையில், டியூப் லைட் பளபளப்பில் ஹரிணியின் போட்டோவில் தெரியாமல் போன இடத்தில், மஞ்சளாக ஒரு வட்டம், நடுவில் பழுப்பேறின சிவப்பு. அவளுடைய மோதிர விரல் அளவு. அவளுடைய விரலேதான்... கல்யாணம் ஆன வருசம், முதல் சரஸ்வதி பூஜை, மாமியார் ஊரில் இல்லை, எல்லாம் அவள் பொறுப்பு, பெரிய மனுசியாகிவிட்ட பெருமை, கடை ஜெராக்ஸ் மிஷினுக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, பீரோவுக்குப் பொட்டு, மனைப்பலகையில் புத்தகங்களை அடுக்கினாள், எதை மேலே வைப்பது என்று பார்த்து, அவர் எதை ரொம்பப் பத்திரமாக வைத்திருக்கிறாரோ அதுதானே விசேஷம் என்று இதை எடுத்து உச்சியில் வைத்து, சந்தனத்தைக் குழைத்து நிறையவே வைத்தாள், அதன் மேல் குங்குமம். அவர் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்றார், பார்த்தார். சிரித்தார். சிங்கத்துக்கும் பொட்டு வச்சுட்டியா, என்றார். அவளும் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது, அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை, வீட்டில் பொட்டு இல்லாத சாமான் எது, அவள் கண்ணுக்கு அது கறையாகப் படவே இல்லை.

மத்தியானம் வரைக்கும் நின்றாராம். அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான், புதுசாக ஒரு கோபம்... சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? நீ வச்ச பொட்டாலதான் போணியாகலன்னு சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பாள், மூன்றாம் நாள் எழுந்து வேலையைப் பார்த்திருப்பாள். கழுத்தில் கிடந்ததை எப்படியும் கழற்றித்தான் கொடுத்திருப்பாள், மனசாரக் கொடுத்திருப்பாள். இவர் பெரிய தியாகி மாதிரி மனசு வரலைன்னு ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பைத்தியக்காரன் என்கிற பட்டத்தையும் வாங்கிக்கொண்டு, அவளைப் பன்னிரண்டு வருசம் பாத்திரத்தை உருட்ட விட்டுவிட்டாரே... ஏன், அவள் தாங்க மாட்டாள் என்றா? பிள்ளை வலியில் கிடக்கும்போது இவளும் ஒடிந்துபோவாள் என்றா? அந்தப் பொய்யை எங்கே வைத்து யோசித்திருப்பார், திருச்சியில் பஸ் ஏறும்போதே தயார் பண்ணிவிட்டாரா, தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிப் படி ஏறும்போதா? அவளும்தான் எப்படி அதை அவ்வளவு சுலபமாக நம்பினாள், பெற்ற மகளைவிடப் பொம்மைப் புத்தகம் பெரிசு என்று நினைக்கிற ஆளா அவர், ஒரு நிமிசம்கூட அவளுக்கு அது இடிக்கவில்லையே. இப்போது அழுகை வந்தது. பஸ் ஸ்டாண்டில் அழுகிற பொம்பளையை யார் பார்க்கிறார்கள், முந்தானையால் துடைத்துக்கொண்டு ஆறின டீயைக் குடித்தாள்.

போன் ‘டிங்’ என்றது. சந்தோஷ்குமார். ஆன்ட்டி போட்டோ ப்ளீஸ், மச்சான் ரெடியா இருக்காரு. புத்தகத்தை இடது கையில் பிடித்து, வலது கையில் போனைத் தூக்கினாள், தற்செயலாகத்தான், புத்தகத்தைப் பிடித்திருந்த கட்டைவிரல் அந்த மூலையில் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். அட்டை பளிச்சென்று விழுந்திருந்தது, சிங்கம், கூண்டு, சாவி, மூலையில் ஒரு கட்டைவிரல், புத்தகத்தைப் பிடித்தால் விரல் தெரியத்தானே செய்யும், யார் கேட்கப் போகிறார்கள்? முனியசாமிக்குப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, உறையோடு வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவான், அந்தப் பணத்தில் டாக்டரம்மா சொன்ன பயிற்சி முழுசும் முடியும், கார் வாடகை போக மிச்சம்கூட இருக்கும். திருச்சிக்காரர் அவ்வளவு தரமாட்டார். போனை வைக்கும் முன் சொல்லியிருந்தார்... இப்ப அந்தப் புக்கே கண்ணுல சிக்குறதில்லம்மா, அதனால எடுத்துக்கிறேன், எங்கிட்ட ஒரு கிழிஞ்ச காப்பி கெடக்கு, அட்டை மட்டும் நல்லாருக்கு, அத இதுக்குப் போட்டு ஒட்டிக்குவேன், என்ன, முழு வெல தர முடியாது, பாத்துக் குடுக்குறேன். அந்த ‘பாத்துக் குடுக்குறேன்’ பாதிப் பயிற்சிக்குத்தான் காணும். பாதி வார்த்தைகள் வருமா அப்போது? கட்டைவிரல் படத்தை அனுப்பாமல் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் நினைத்திருந்தால் அன்றைக்கு வேறு யாராவது ஏமாந்த ஆளைப் பிடித்து விரலை வைத்து மறைத்துத் தள்ளிவிட்டிருக்க முடியாதா... முடியாது, அவரால் முடியாது, அந்தச் சாமர்த்தியம் இருந்தால் ஜெராக்ஸ் கடையோடு ஏன் நிற்கிறார். அவளால் முடியும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும், அதுதான் பயமாக இருந்தது. படத்தை அழித்தாள். விரலை எடுத்துவிட்டு, பொட்டு தெரிய வேறொன்று எடுத்து, இப்படித்தான் தம்பி இருக்கு, என்று அனுப்பினாள். சாரி ஆன்ட்டி, என்று உடனே வந்தது, கூடவே ஒரு கும்பிடுகிற கை.

அடுத்த திருச்சி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை, டிரைவருக்குப் பின்னால் நடு சீட்டு. டிக்கெட் வாங்கிப் பையில் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள், தூக்கம் வரும் என்றுதான் நினைத்தாள், உடம்பு அப்படிக் கனத்தது. சரி, பாதி வார்த்தையாவது வரட்டும், தண்ணீரும் சோறும் அவள் பெயரும் வந்தால் போதும், கேட்பதற்கு இனிமேல் என்ன இருக்கிறது, கேட்க நினைத்தது கிடைத்துவிட்டதே... ஆனால் மனசு நிற்கவில்லை, ஒரு பாத்திரத்தை எடுத்ததும் அடுக்கு முழுக்கச் சரிகிற மாதிரி, அவர் மேல் வைத்திருந்த மற்ற குறைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவளுடைய அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பத்து நாள் அவளை அனுப்ப மாட்டேன் என்றது. மேலே மச்சு கட்ட என்று சேர்த்ததை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, யாருக்கு என்று சொல்லாமலே இருந்தது. தம்பி கோபிநாத் கல்யாணம், அறந்தாங்கியில் அத்தனை சனமும் கூடியிருக்க, வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை, மாலையும் வேட்டியும் வாங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள், இவர் வரவே இல்லை, அவள் தனியாக நின்று நாத்தனார் முடிச்சுப் போட்டாள், மாப்பிள்ளை எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது. மிஷின் ரிப்பேர், மெக்கானிக் வந்துட்டான், விட்டுட்டு வர முடியல, என்றார். அவள் அதற்கு ஆறு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்குத்தான் அப்பா அவரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கடைக்குப் போய்வந்ததாக யாரோ சொன்ன ஞாபகம்... அன்றைக்கா, முந்தின நாளா, போய் என்ன சொல்லிவிட்டு வந்தாரோ? அப்பாவும் இப்போது இல்லை. பேச்சு திரும்பினால் கேட்கலாம், கேட்டால் சொல்வாரா, பேச்சு இருந்த காலத்திலேயே சொல்லாத மனுசன்... கீரனூரில் நாலைந்து பேர் இறங்கினார்கள், ஜன்னல் சீட்டு காலியானது, அவள் நகர்ந்து உட்காரவில்லை. அன்றைக்கு அந்த ஜெராக்ஸ் மிஷின் உண்மையிலேயே ரிப்பேராகித்தான் கிடந்ததா?